இதய அறை எவ்வளவு பெரிசு? எக்ஸ்ரே, எக்கோ, எம்.ஆர்.ஐ. எதை எப்போது நம்பலாம்

வேலூர்ப் பக்கம் எக்கோ அறையில், அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் அறையில், வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியம் தெரியும்: "ஹார்ட்டு வீங்கிப்போச்சாம் சார், பார்த்துச் சொல்லுங்க." கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கும். அதற்குள் சுருட்டி வைத்த எக்ஸ்ரே, கூடவே 'கார்டியோமெகாலி' (இதயம் பெரிதாகியிருக்கிறது) என்று ஒரே வரி எழுதிய தாள். குடியாத்தத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ காலை பஸ் பிடித்து வந்திருப்பார்கள். வழியெல்லாம் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தது முகத்தில் தெரியும்.

இதயம் அடிபட்ட கால்போல வீங்குவதில்லை. அதில் நான்கு அறைகள்: மேலே இரண்டு, கீழே இரண்டு. இவற்றில் ஏதாவது ஒன்று விரியலாம், நான்குமே விரியலாம். சில சமயம் அறை அப்படியே இருக்க, சுவர் மட்டும் தடிக்கும். சில சமயம் இதயத்தில் கோளாறே இருக்காது. அதைச் சுற்றிய உறைக்குள் நீர் கோத்திருக்கும். அதனால் 'பெரிசா இருக்கா' என்று கேட்பதைவிட எந்த அறை, எத்தனை மில்லிமீட்டர், போன தடவையைவிடக் கூடியிருக்கிறதா என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். அந்தப் பதிலை எந்தப் பரிசோதனை தரும், எது தராது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான் வருஷக்கணக்காக எக்கோ எடுக்கும் டெக்னீஷியன். என் எழுத்து எக்கோ பக்கம் கொஞ்சம் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்ரேயிலிருந்து தொடங்கலாம். கணக்கு ரொம்ப எளிது. இதய நிழலின் அதிகபட்ச அகலத்தை நெஞ்சுக்கூட்டின் உள் அகலத்தால் வகுக்க வேண்டும். பெரியவர்களுக்கு விடை 0.5-க்குள் இருந்தால் சரி, தாண்டினால் 'பெரிது'. நிழல் 14 செ.மீ., கூடு 29 செ.மீ. என்றால் 0.48. அதே ஆள் மூச்சை முழுசாக இழுக்காமல் நின்றால் உதரவிதானம் மேலேறி இதயம் படுத்தாற்போல் ஆகிவிடும், நிழல் 14.5, கூடு 27. இப்போது 0.54. ஒரு மூச்சில் ஆரோக்கியசாலி நோயாளியாகிவிட்டார்!

இன்னொரு சங்கதியும் உண்டு. முறையான படத்தில் கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும், ஃபிலிம் நெஞ்சை ஒட்டி இருக்கும், குழாய் ஆறடி தள்ளி நிற்கும். படுக்கையிலேயே எடுக்கும் படத்தில் இது தலைகீழ்: கதிர் முன்னாலிருந்து வருகிறது, தூரமும் குறைவு. இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருப்பதால் அதன் நிழல் பெருத்து விழும். விளக்குக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனால் சுவரில் நிழல் பூதம்போல் ஆகுமே, அதே கதைதான். ஐ.சி.யூ.வில் எடுத்த படத்தை வைத்து இதயம் பெரிது என்று பயப்படும் முன், படுக்க வைத்து எடுத்ததா நிற்க வைத்து எடுத்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் சொல்வதால் எக்ஸ்ரே வேண்டாம் என்றில்லை. சில நூறு ரூபாயில் முடிகிறது, கதிர்வீச்சு மிகக் குறைவு, நுரையீரலில் நீர் கோத்திருப்பதை உடனே காட்டிக்கொடுக்கும். மூச்சுத்திணறலோடு வருபவருக்கு அதுவே பெரிய உதவி. ஆனால் எந்த அறை, எத்தனை அளவு என்று அதனிடம் கேட்டால் ஊகமாகத்தான் சொல்லும். இ.சி.ஜி.யும் அப்படித்தான். மெஷினே அச்சடித்துத் தரும் 'இடது அறை பெரிதாக இருக்கலாம்' என்ற வரியைப் பார்த்து ஒல்லியான பையன்கள் பலர் ஓடி வருகிறார்கள். நெஞ்சில் சதை குறைவாக இருந்தால் கோடுகள் உயரமாகத்தான் எழும். இ.சி.ஜி. மின்னோட்டத்தைப் பார்க்கிறது, அறையை அது நேரில் பார்ப்பதே இல்லை.

ஒரு பழைய கதையைச் சொல்லிவிட்டு எக்கோவுக்குப் போகிறேன். வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் 1949-இல் டாக்டர் ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அந்தத் துறைக்கு அதுவே முதல். 1961-இல் திறந்த இதய அறுவைச் சிகிச்சையும் அங்கே நடந்துவிட்டது. அந்தக் காலத்து மருத்துவர்களுக்கு அறையின் அளவைப் பார்க்க எக்ஸ்ரேயும், ரத்தக்குழாய் வழியாக டியூப் விட்டுச் சாயம் செலுத்தி எடுக்கும் படமும்தான் கதி. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வு சுருங்கிய நோயாளிக்கு, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் குடிக்கக் கொடுத்து, உணவுக்குழாயை இடது மேலறை எவ்வளவு பின்னால் தள்ளியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அறையை அளக்க அதன் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த காலம் அது. எக்கோவின் முதல் பதிவு 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் நடந்தது. எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியை இரவல் வாங்கி வந்து இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். அது ஊரூராக வந்து சேர இன்னும் பல வருஷம் பிடித்தது.

எக்கோ: கத்தரிக்காய்க் கணக்கு

எக்கோ அறையில் நடப்பது இதுதான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வோம், இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வோம். அப்போதுதான் இதயம் நெஞ்சுச்சுவரை ஒட்டி வரும், விலா எலும்புகளுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும். ஜெல் ஜில்லென்று இருக்கும். அதற்கு எல்லோரும் ஒரு முறை திடுக்கிடுவார்கள். "மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்கம்மா" என்போம். அந்த சில விநாடிகளில் படத்தை உறையவைத்து, இடது கீழறை முழுசாக விரிந்து நிற்கும் நொடியில், மிட்ரல் வால்வின் நுனி இருக்கும் மட்டத்தில், ஒரு சுவரின் உள்விளிம்பிலிருந்து எதிர்ச்சுவரின் உள்விளிம்புக்குக் கோடு போடுவோம். ஆண்களுக்குத் தோராயமாக 42 முதல் 58 மி.மீ., பெண்களுக்கு 38 முதல் 52 மி.மீ. வரை இயல்பு.

இந்த ஒற்றைக் கோடு எவ்வளவு நம்பகம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோடு சற்றே சாய்வாகப் போனால் 56 என்பது 58 ஆகிவிடும். 2 மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் பழைய மெஷின்களில் இந்தக் கோட்டிலிருந்தே கொள்ளளவைக் கணக்கிடும் சூத்திரம் இருக்கிறது. அது அந்த அளவை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கும். 56 மி.மீ.க்கு 154 மி.லி. காட்டும், 58-க்கு 167. இரண்டு மில்லிமீட்டர் கைநடுக்கம் 13 மி.லி. ரத்தமாக அறிக்கையில் ஏறிவிடுகிறது. போதாததற்கு, அந்தச் சூத்திரம் அறை ஒழுங்கான வடிவத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. மாரடைப்பு வந்து ஒரு பக்கச் சுவர் உப்பிப்போனவருக்கு அது எப்படிப் பொருந்தும்? ஒரே கோட்டில் கொள்ளளவு சொல்வது, பாலாற்றைக் காட்பாடிப் பாலத்தில் மட்டும் அளந்துவிட்டு ஆறு முழுக்க இவ்வளவுதான் என்பதுபோல.

இதற்கு மாற்றுதான் இப்போது பரிந்துரைக்கப்படும் வட்டுகள் முறை. நம் ஊர் முள்ளுக் கத்தரிக்காயை வைத்து இதைச் சொல்லிவிடலாம். கத்தரிக்காயைக் காம்பிலிருந்து அடி வரை ஒரே தடிப்பில் இருபது வில்லைகளாக நறுக்குங்கள். ஒவ்வொரு வில்லையின் பரப்பையும் தடிப்பால் பெருக்கிக் கூட்டினால் காயின் மொத்தக் கனஅளவு வந்துவிடும். கோணல் காயாக இருந்தாலும் கணக்குத் தப்பாது. எக்கோவில் இதயத்தின் நுனியிலிருந்து இரண்டு கோணங்களில் படம் எடுத்து, அறையின் உள்விளிம்பைச் சுற்றி வரைந்தால், மெஷின் இருபது வில்லைகளாக்கிக் கூட்டிச் சொல்லிவிடும். விரிந்த நிலையில் ஆண்களுக்கு 150 மி.லி. வரை, பெண்களுக்கு 106 மி.லி. வரை இயல்பு.

இதிலும் ஓட்டை இருக்கிறது. அது என் கையாலேயே நடந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருந்தேன். ஒரு பெரியவருக்கு நுனியைச் சரியாகப் பிடிக்காமல், ஒரு விலா மேலே புரோபை (நெஞ்சில் வைக்கும் எக்கோ கருவியை) வைத்துவிட்டேன். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கத்தரிக்காயின் அடிப்பக்கம் வெட்டுப்பட்டு, நீளமான காய் குட்டைக் காயாகிவிட்டது. கொள்ளளவு இயல்பு என்று எழுதிக் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து வேறிடத்தில் எடுத்தபோது நிறையக் கூடியிருந்தது. அவர் குடும்பமே நோய் முற்றிவிட்டது என்று கலங்கிப்போனது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மருத்துவர்தான், முதல் படமே தவறு என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அறையின் நீளத்தை இரண்டு கோணத்திலும் ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் அளவை எழுதுவதில்லை.

இடது மேலறைக்கும் இதே நியாயம். பல அறிக்கைகளில் முன்-பின் அளவு மட்டும் இருக்கும், '38 மி.மீ., இயல்பு' என்று. முன்னால் நெஞ்செலும்பு, பின்னால் முதுகுத்தண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட அறை பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகத்தான் விரியும். அதனால் மேலறைக்குக் கனஅளவைப் பார்க்க வேண்டும், அதையும் உடல் பரப்பால் வகுக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 34 மி.லி. தாண்டினால் பெரிது. ரத்த அழுத்தம் பல வருஷமாக இருப்பவர்களுக்கும், சின்ன வயசில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து மிட்ரல் வால்வு கெட்டவர்களுக்கும் இந்த ஒரு எண் நிறையச் சொல்லும். உங்கள் அறிக்கையில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.

எம்.ஆர்.ஐ. எங்கே ஜெயிக்கிறது

எக்கோ கத்தரிக்காயை இரண்டு பக்கமிருந்து பார்த்து வில்லைகளை ஊகிக்கிறது. எம்.ஆர்.ஐ. உண்மையிலேயே வில்லை வில்லையாகப் படம் எடுக்கிறது, ஒவ்வொன்றும் சுமார் 8 மி.மீ. தடிப்பு. எந்த வடிவத்தையும் முன்கூட்டி நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. குண்டானவர், பீடி பிடித்து நுரையீரல் உப்பிப்போனவர், நெஞ்சு அமைப்பு கோணலானவர் என்று எக்கோவில் படமே விழாத ஆட்களுக்கும் தெளிவாக வரும். அறை அளவுக்கு இதுதான் உரைகல் என்று துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். எக்கோக்காரனான எனக்கும் மறுப்பு இல்லை.

குறிப்பாக வலது கீழறை. அது உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ இல்லை. இடது கீழறையைப் பிறைபோலச் சுற்றிக்கொண்டு கிடக்கும். எக்கோவில் அதன் அடிப்பகுதியின் அகலம் 41 மி.மீ. தாண்டினால் பெரிது என்று சொல்லலாம். கொள்ளளவைத் துல்லியமாகச் சொல்வது கஷ்டம். சின்ன வயசில் நீலக்குழந்தை என்று சொல்லி, ஃபாலோட் என்ற பிறவி இதயக் கோளாறுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இப்போது முப்பது நாற்பது வயதில் வருகிறார்கள். அவர்களுக்கு நுரையீரல் வால்வு கசிந்து வலது அறை மெல்ல விரியும். புது வால்வு எப்போது போடுவது என்ற முடிவில் வலது கீழறையின் கொள்ளளவு ஒரு முக்கியமான எண். ஒரு சதுர மீட்டருக்கு 160 மி.லி. என்ற எல்லையை வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அங்கே எக்கோவை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

சரி, அப்படியானால் எல்லோரும் நேரே எம்.ஆர்.ஐ.க்குப் போய்விடலாமா? முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பத்துப் பதினைந்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். மூச்சுத்திணறலுக்காகப் பரிசோதனைக்கு வந்தவரிடம் மூச்சை அடக்கச் சொல்வதில் உள்ள சிரமம் சொல்லாமலே புரியும். இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தால் படம் குழம்பும். பேஸ்மேக்கர் இருந்தால் அது எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதா என்று அதன் அட்டையைப் பார்க்க வேண்டும். பழைய பேஸ்மேக்கர் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம். ஸ்டென்ட் வைத்தவர்களும் செயற்கை வால்வு உள்ளவர்களும் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் முன்பே சொல்லிவிட வேண்டும். அறை அளவுக்கு மட்டும் என்றால் மருந்து ஊசி தேவைப்படாது. இதயச் சதையில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஊசி. செலவும் எக்கோவைப்போலப் பல மடங்கு.

சி.டி.யைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். படம் கூர்மையாக இருக்கும், அறை அளவும் நன்றாக வரும். ஆனால் கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. அயோடின் சாயம் வேறு, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. அடைப்புக்காகவோ, தொடை வழியாக வால்வு வைப்பதற்காகவோ ஏற்கெனவே சி.டி. எடுத்திருந்தால் அதிலேயே அறை அளவையும் படித்துச் சொல்லச் சொல்லலாம். அளவுக்காக மட்டும் அதை எடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இங்கேதான் பலரும் ஏமாறும் இடம் வருகிறது. ஒரே ஆளுக்கு, ஒரே வாரத்தில் எடுத்தாலும் எம்.ஆர்.ஐ. காட்டும் கொள்ளளவு எக்கோவைவிடப் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். அறையின் உட்சுவரில் உள்ள சதைமடிப்புகளுக்கு இடையிலிருக்கும் ரத்தத்தையும் அது கணக்கில் சேர்க்கிறது. எக்கோவில் அந்த இடுக்குகள் சுவரோடு சுவராகத் தெரியும். எனவே போன வருஷ எக்கோவில் 110, இந்த வருஷ எம்.ஆர்.ஐ.யில் 140 என்றால் அறை 30 மி.லி. விரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டுக்கும் இயல்பு அளவுகளே வேறு வேறு. வேலூரில் இந்தக் குழப்பம் மற்ற ஊர்களைவிட அதிகம் என்றுதான் நினைக்கிறேன். கல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் குடும்பங்களின் ஃபைலைத் திறந்தால் மூன்று ஊர், நாலு மெஷின், அஞ்சு விதமான அளவு இருக்கும். எண்களை வரிசையாக எழுதி, 'ஏறுது சார்' என்று காட்டுவார்கள். ஏறியது இதயமா, மெஷினா என்று அந்த ஃபைலை வைத்துச் சொல்ல முடியாது.

ஆகவே என் தேர்வு இதுதான். எக்ஸ்ரேயில் பெரிது என்று வந்தால் அடுத்தது எக்கோ. அதற்கு முன்னால் கவலைப்படுவது வீண். வால்வு கசிவு, ரத்த அழுத்தம், பம்பிங் குறைவு என்று வருஷக்கணக்கில் கண்காணிக்க வேண்டியவர்களுக்கும் எக்கோதான், ஆனால் ஒரே இடத்தில், முடிந்தால் அதே மெஷினில், பழைய படங்களைக் கூட வைத்துக்கொண்டு. சுமாரான மெஷினில் ஆறு தடவை எடுத்த அளவுகள், ஒரே ஒரு தடவை எடுத்த உயர்தர எம்.ஆர்.ஐ.யைவிடப் பல முடிவுகளுக்கு உதவும் என்று நான் நம்புகிறேன். எக்கோ படம் விழாதவர்களுக்கும், வலது அறைதான் கேள்வி என்றாலும், எக்கோ சொல்வதும் நோயாளியின் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகாவிட்டாலும் எம்.ஆர்.ஐ.தான். கர்ப்பிணிகளுக்கு அறைகள் இயல்பாகவே சற்று விரிந்திருக்கும். பல வருஷமாக நீண்டதூரம் ஓடுபவர்களுக்கும் அப்படியே. ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதில் பேர்போன கம்மவான்பேட்டை மாதிரி ஊர்ப் பையன்கள் ஆள்சேர்ப்புக்காகச் சில மாதம் ஓடிப் பழகுவது இந்தக் கணக்கில் சேராது.

இன்னொன்றை விட்டுவிட்டால் எல்லா ஒப்பீடும் பாதிதான்: உயரமும் எடையும். குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா வருவார், லுங்கி நெசவுக் குடும்பம். உயரம் 150 செ.மீ., எடை 48 கிலோ. இடது கீழறையின் வெளிவாசலான அயோர்ட்டிக் வால்வில் கடுமையான கசிவு. இந்த நோயில், இடது கீழறை சுருங்கி முடித்த நிலையிலும் 50 மி.மீ.க்கு மேல் இருந்தால் அறுவைச் சிகிச்சையை யோசிக்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. அவருக்கு 38. மூன்று அறிக்கைகளில் 38-க்குப் பக்கத்தில் 'கண்காணிக்கவும்' என்று இருந்தது. மகளும், "இன்னும் 12 மி.மீ. இருக்கு இல்ல சார்?" என்று நிம்மதியாகத்தான் கேட்டாள்.

ஆறடி ஆளுக்கும் இந்த அம்மாவுக்கும் ஒரே எல்லை எப்படிச் சரியாகும்? உடல் பரப்புக்குக் கணக்கு உண்டு: உயரத்தை எடையால் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 150 பெருக்கல் 48, 7200. வகுத்தால் 2. வர்க்கமூலம் 1.41 சதுர மீட்டர். 38-ஐ 1.41-ஆல் வகுத்தால் 27 வருகிறது. சிறிய உடம்புக்காரர்களுக்கு எல்லை ஒரு சதுர மீட்டருக்கு 25 மி.மீ. அவர் ஏற்கெனவே தாண்டிவிட்டிருந்தார். எம்.ஆர்.ஐ. எடுக்காமல், அதே பழைய 38-ஐ வைத்துக்கொண்டே வந்த பதில் அது. முடிவு சொல்வது என் வேலை இல்லை. வகுத்த எண்ணை அறிக்கையில் எழுதி இதய மருத்துவரிடம் அனுப்பினேன்.

இப்போது அவருக்கு வால்வு மாற்றி, ஆறு மாதத்துக்கொரு தரம் எக்கோவுக்கு வருகிறார். ஃபைல் அட்டையில் மகள் நீல பால்பாயிண்ட் பேனாவால் தேதி, எடை, 1.41, அதன் கீழே அந்தந்தத் தடவை வந்த மில்லிமீட்டர் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். போன தடவை 31. ஜெல்லைத் துடைத்துவிட்டு எழுந்ததும் அந்த அம்மா என்னிடம் எதுவும் கேட்பதில்லை. மகளிடம் திரும்பி, "எழுதிக்கினியா?" என்கிறார்.